பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும் குழந்தை: எல்லையோரத்துப் பெற்றோர் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை அம்மா
செவ்வாய், இரவு 9.10

போன வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வரும் பஸ்ஸில், என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கும். முந்தானைக்குள் பால் குடித்துக்கொண்டிருந்தது. நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி நாலு வாய். ஜன்னல் காற்று முகத்தில் அடித்தும் அதன் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை நின்றது. "எடை எவ்வளவு அம்மா?" என்று கேட்டேன். "ஏறவே மாட்டேன் என்கிறது அக்கா. பட்சி தோஷம் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம்" என்றாள். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கோபாலபுரத்தில் இறங்கிப் போய்விட்டாள். நானும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். நாலு நாளாக அந்தக் குழந்தையின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

என் மகளும் அப்படித்தான் குடித்தாள். அவளுக்கு இப்போது மூன்று வயது.

பிரசவம் என் தாய்வீட்டில், பொள்ளாச்சிப் பக்கம். பிறந்தபோது 2 கிலோ 900. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அது பொய்யில்லை, அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தாள். நாலாவது வாரம்தான் மாற்றம் தொடங்கியது. ஒருமுறை பால் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். முடிக்கும் முன்னே களைத்துத் தூங்கிவிடுவாள். அரைமணியில் பசித்து எழுந்து அழுவாள். எனக்குப் பால் போதவில்லை என்றார்கள். பூண்டும் பால்சுறாக் கருவாடும் சமைத்துப் போட்டார்கள். மாந்தம் என்று உரை மருந்து கொடுத்தார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, "முதல் குழந்தையா? எல்லாத் தாய்க்கும் இந்தப் பயம் இருக்கும்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எடை போடவில்லை.

ஏழாவது வாரம் எல்லை தாண்டிக் கேரளத்தில் உள்ள புகுந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு இங்கே ஆரம்ப சுகாதார மையத்துக்குப் போனேன். அந்த சிஸ்டர் எடை போட்டுவிட்டு, "பிறந்தபோது எவ்வளவு?" என்று கேட்டார். தமிழ்நாட்டு அட்டை அம்மா வீட்டிலேயே இருந்தது. தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 47 நாளில் ஏறியது வெறும் 300 கிராம். சிஸ்டர் உடையைத் தூக்கி மூச்சை எண்ணினார். அன்றே பாலக்காட்டுக்கு அனுப்பினார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய ஓட்டை.

எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பிரசவம் தாய்வீட்டில், ஒன்றரை மாதமோ மூன்று மாதமோ கழித்துப் புகுந்த வீடு என்பது நம் வழக்கம். இந்த வகை ஓட்டை தன்னைக் காட்டத் தொடங்குவதும் சரியாக அந்த வாரங்களில்தான். அங்கே உள்ள செவிலியர் குழந்தை கேரளத்துக்குப் போய்விட்டது என்று நினைப்பார். இங்கே உள்ளவருக்குக் குழந்தை வந்ததே தெரியாது. ஒரு எடை ஒரு மாநிலத்து அட்டையில், அடுத்த எடை இன்னொரு மாநிலத்து அட்டையில், இன்னொரு மொழியில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஆள் தாய்தான். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்.


கம்பத்துச் செவிலியர் (பணி ஓய்வு)
செவ்வாய், இரவு 10.25

அம்மா, உங்கள் சிஸ்டருக்கு என் வணக்கம். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தது கம்பம் பள்ளத்தாக்கில். விடியலில் ஜீப் ஏறிக் கேரளத்துக் குமுளிக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் அதிகம். சிலர் குழந்தையோடு மேலேயே தங்கிவிடுவார்கள். தடுப்பூசி ஒன்று அங்கே, ஒன்று இங்கே. நீங்கள் சொல்லும் இரண்டு அட்டைக் கதை எனக்குப் பழக்கம்.

எடைக் கணக்கைச் சொல்கிறேன். பிறந்த முதல் சில நாள் குழந்தை கொஞ்சம் இளைக்கும், அது இயல்பு. பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். காரணம் பால் குறைவாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். தேடாமல் இருப்பதுதான் தவறு.

மூச்சு எண்ணுவதற்குப் படிப்பு தேவையில்லை. குழந்தை தூங்கும்போது, அழாதபோது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், பச்சிளங் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொருமுறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயது வரை 50. விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விரிகிறதா, முனகுகிறதா என்றும் பாருங்கள்.


வண்ணாமடை வாசகர்
புதன், காலை 6.50

எல்லோரையும் இப்படிப் பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கிறேன். சித்தூர் தாலுகாவில் மீனம், மேட மாத வெயிலில் எந்தக் குழந்தைக்குத்தான் வியர்க்காது? என் பேரனுக்கும் தலை நனைந்து தலையணை ஈரமாகும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தோம், சரியாகிவிட்டது. இன்று ஐந்து வயது, தோட்டம் முழுவதும் ஓடுகிறான். பெரியவர்கள் சொன்ன எல்லாமே மூடநம்பிக்கை ஆகிவிடாது.


திருத்தணி குழந்தை மருத்துவர்
புதன், மதியம் 2.15

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. தூக்கத்தில் தலை வியர்ப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்டு, வெயில் காலத்தில் இன்னும் அதிகம். எடை ஏறி, சுறுசுறுப்பாக இருந்தால் அதை விட்டுவிடலாம். நாங்கள் கவலைப்படுவது பால் குடிக்கும் வேளையில் வரும் வியர்வைக்கு. கைக்குழந்தை நடப்பதில்லை, ஓடுவதில்லை. அதற்கு உள்ள ஒரே கடின உழைப்பு பால் உறிஞ்சுவதுதான். பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது வெளிப்படும் இதயக் கோளாறு, குழந்தைக்கு மார்பில் வாய் வைக்கும்போது வெளிப்படும்.

தொக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொண்டைக்குள் விரல் விடுவதும் குழாய் வைத்து ஊதுவதும் கைக்குழந்தைக்கு ஆபத்து. புண்ணாகலாம், புரையேறலாம். உங்கள் பேரனுக்கு இதயத்தில் எதுவும் இல்லாததால் அவன் தானாகவே தேறியிருப்பான். கயிறு கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. கயிறு கட்டிய கையோடு எடை போட வாருங்கள் என்றுதான் என்னிடம் வரும் பாட்டிகளிடம் சொல்கிறேன், அவர்களும் வருகிறார்கள்.

பிறந்தபோது நன்றாக இருந்தது பிறகு எப்படிக் கெட்டது என்று பலர் கேட்கிறார்கள். கருவில் இருக்கும்போது நுரையீரல் வேலை செய்வதில்லை, அதன் ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கும். பிறந்த பிறகு சில வாரங்களில் மெல்ல மெல்லத் தளரும். இறுக்கம் இருக்கும்வரை ஓட்டை வழியாக அதிக ரத்தம் போகாது. ஆகவே நெஞ்சில் குழாய் வைத்தாலும் ஓட்டையின் முணுமுணுப்புச் சத்தம் கேட்காது. நாலு முதல் எட்டு வாரத்தில் இறுக்கம் குறைந்ததும் இதயத்தின் இடப்பக்கத்து ரத்தம் ஓட்டை வழியாக நுரையீரலுக்குள் பாய்கிறது. நுரையீரல் நனைந்த பஞ்சு போலக் கனக்கிறது. மூச்சு வாங்குதல், வியர்வை, எடை ஏறாமை, அடிக்கடி சளி, எல்லாம் அதிலிருந்து வருபவை. இந்த வகையில் உடல் நீலமாவதில்லை. கையிலும் காலிலும் வைக்கும் ஆக்சிஜன் கருவிக்கு இது சிக்காது.

அந்தக் கருவி தேடுவது ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் வேறு வகைகளை. பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் பார்ப்பார்கள். ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். 95க்குக் குறைவாகவோ, கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசமாகவோ இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். பிரசவித்த இடத்தில் இதைச் செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். செய்து சரியாக இருந்தாலும், பின்னால் வரும் அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியைக் குழந்தைக்கு மாட்டி நிம்மதி அடையாதீர்கள், அது பெரியவர் விரலுக்கானது.

மிக அவசரமான ஒரு வகையும் உண்டு. கருவில் இருக்கும் ஒரு ரத்தக்குழாய் பிறந்த சில நாளில், சில சமயம் இரண்டு வாரத்துக்குள், தானாக மூடிக்கொள்ளும். சில குழந்தைகளின் உடம்புக்கு ரத்தம் போவதே அந்தக் குழாய் வழியாகத்தான். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன குழந்தை, ஏழாம் நாளோ பத்தாம் நாளோ பால் குடிக்காது, சாம்பல் நிறமாகும், கைகால் சில்லிட்டுத் துவளும். கிருமித்தொற்றும் இப்படித்தான் தெரியும், இரண்டும் உயிர் போகிற விஷயம். 108ஐ அழையுங்கள். பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனையில் அந்தக் குழாயைத் திறந்து வைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றிய பிறகே தூர ஊருக்கு அனுப்புவது நல்லது.


ஆரியங்காவு தந்தை
புதன், இரவு 8.05

டாக்டர், என் மகனுடையது உடல் நீலமாகும் வகை. செங்கோட்டையில் பிறந்தான், நாங்கள் இருப்பது கேரளத்து ஆரியங்காவு. மூன்று மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான், எடையில் குறை இல்லை. தலைக்கு ஊற்றும்போது அழுதால் உதடு கறுக்கும். தண்ணீர் குளிர்ச்சி என்று அத்தை சொன்னார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நல்ல கறுப்பு. நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியவில்லை. ஒருநாள் அழுதுகொண்டே வந்தவன் வேகவேகமாக மூச்சு இழுத்து, நாக்கு நாவற்பழம் தின்றது போல ஆகி, துவண்டுவிட்டான். திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான்கு கோளாறுகள் சேர்ந்த நோய் என்றார்கள். பத்தாவது மாதம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அறுவை சிகிச்சை. இன்று இரண்டாம் வகுப்பு.

அங்கே சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன். கறுத்த பிள்ளைகளுக்குத் தோலைப் பார்க்காதீர்கள். நாக்கையும் ஈறையும் உதட்டின் உட்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாய் தன் நாக்கை நீட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்குக் கை கால் மட்டும் நீலமாக இருந்து நாக்கு சிவப்பாக இருந்தால் அது குளிர், பெரும்பாலும் பயமில்லை. நாக்கே நீலமானால் அன்றே போக வேண்டும். மகனுக்கு வந்தது போல வந்தால், குழந்தையை அமைதிப்படுத்தி இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே புறப்படுங்கள். அந்தப் பிடியை நான் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். போகிற வழியில் பஸ்ஸிலேயே தெரிந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.


குறிச்சித் தம்பி
புதன், இரவு 9.40

அக்கா, ஐயா, டாக்டர், யாராவது பதில் சொல்லுங்கள். நான் கோவை குறிச்சியில் பட்டறையில் வேலை செய்கிறேன். மனைவி பிரசவத்துக்குக் கேரள எல்லையில் வேலந்தாவளத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பெண் குழந்தை, 38 நாள். எட்டரை மாதத்திலேயே பிறந்துவிட்டது, 2 கிலோ 200. இன்று லீவு போட்டு வந்தேன். இந்த இழையைப் படித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தால் கை நடுங்குகிறது. பால் குடிக்கும்போது வியர்க்கிறது, விட்டு விட்டுக் குடிக்கிறது. தூங்கும்போது மூச்சை எண்ணினேன், 68. மறுபடி எண்ணினேன், 70. விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. நாளை காலை இங்கே உள்ள மையத்துக்கு எடுத்துப் போகலாமா?


திருத்தணி குழந்தை மருத்துவர்
புதன், இரவு 9.52

தம்பி, காலை வரை காத்திருக்க வேண்டாம். தூக்கத்தில் 68, 70, விலாக் குழி என்றால் இப்போதே போக வேண்டும். இதயமா நுரையீரல் சளியா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, இரண்டுக்கும் இன்றிரவே மருத்துவமனை வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். 108ஐ அழையுங்கள். குழந்தையைத் துணியில் சுற்றி, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். மூச்சு வாங்கும்போது வலுக்கட்டாயமாகப் பால் புகட்ட வேண்டாம். பிறந்த இடத்து டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.


கொழிஞ்சாம்பாறை அம்மா
புதன், இரவு 9.58

தம்பி, வாசலில் நின்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லாதே. "பால் குடிக்கும்போது வியர்க்கிறது, தூக்கத்தில் மூச்சு 70" என்று இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் டாக்டரிடம் சொல். கிளம்பு. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது.


கம்பத்துச் செவிலியர் (பணி ஓய்வு)
வியாழன், காலை 5.30

தம்பியிடமிருந்து செய்தி வந்ததா? இரவு முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை எழுதுகிறேன். வீடுகளில் தாயைத்தான் குற்றம் சொல்வார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், கனமான குடத்தைத் தூக்கினாள் என்பார்கள். குழந்தையின் இதயம் உருவாகி முடிவது கருவின் முதல் எட்டு வாரத்துக்குள். அப்போது பல பெண்களுக்குத் தான் கர்ப்பம் என்பதே உறுதியாகத் தெரியாது. தாய்க்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை, சில மாத்திரைகள், நெருங்கிய உறவில் திருமணம், குடும்பத்தில் ஏற்கெனவே இதயக் கோளாறு, டவுன் நோய்க்குறி, இவை வாய்ப்பைக் கூட்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு காரணமும் அகப்படுவதில்லை. 1000 குழந்தைகள் பிறந்தால் 8 முதல் 10 பேருக்கு ஏதாவது ஒரு வகை இருக்கிறது. எந்தத் தெருவிலும் இருக்கலாம், தாய் என்ன செய்தாள் என்று துருவ வேண்டாம்.


ஆரியங்காவு தந்தை
வியாழன், காலை 7.15

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அந்தப் பயத்திலேயே எக்கோ எடுக்காமல் தள்ளிப் போடுகிறார்கள். கேரளத்தில் 2017 முதல் ஹிருத்யம் திட்டம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்கிறார்கள், அவசரத்தைப் பொறுத்து வரிசை, சிகிச்சை இலவசம். மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. என்ற, குழந்தைகளின் குறைபாடுகளை முன்கூட்டியே கவனிக்கும் மையத்தில் கேட்டால் பதிவு செய்து தருவார்கள். 1056க்கு அழைத்தும் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் 104. அங்கே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் எல்லா மாநிலத்திலும் உண்டு, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான். எல்லையோரத்தில் சிக்கல் எங்கே என்றால், கார்டு ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். பெயர் எந்தக் கார்டில் ஏறப்போகிறது என்பதைப் பிறந்த மாதமே முடிவு செய்து சேர்த்துவிடுங்கள்.


திருத்தணி குழந்தை மருத்துவர்
வியாழன், காலை 8.40

ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு தமிழர்களுக்கு: திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மையம் 2021இல் திறக்கப்பட்டது, அது முழுக்கக் குழந்தைகளின் இதயத்துக்கென்றே உள்ள இடம். இந்தப் பக்கம் வேலூர் சி.எம்.சி., சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. எங்கே காட்டினாலும் எக்கோ அறிக்கையின் நகலைக் கையில் வைத்திருங்கள். தெலுங்கில் எழுதிய தாளை நான் படித்துவிடுவேன், எல்லோராலும் முடியாது. அளவும் தேதியும் எண்ணில் இருந்தால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.


குறிச்சித் தம்பி
வியாழன், மாலை 6.20

மன்னியுங்கள், போனில் சார்ஜ் இல்லை. இரவு பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று எக்கோ எடுத்தார்கள். டாக்டர் நேற்று சொன்ன அதே குழாய்தான். அந்தக் குழந்தைகளுக்கு மூடிப் போவது ஆபத்து, எங்களுக்கு மூடாமல் போனது. பெரிதாகத் திறந்திருக்கிறதாம், நுரையீரலுக்கு அதிக ரத்தம் போகிறதாம். குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம் என்றார்கள். நீர் பிரியும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூச்சு இப்போது 54. எடை ஏறிய பிறகு தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு அடைக்கலாமா, அறுவை செய்ய வேண்டுமா என்று பார்ப்பார்களாம். மாமியார் வாய் விட்டு அழுகிறார், பத்து நாளாகச் சளிக்கு வெற்றிலைச் சாறு கொடுத்தாராம். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் இருபது நாள் வந்து பார்க்கவே இல்லை.


திருத்தணி குழந்தை மருத்துவர்
வியாழன், இரவு 7.05

நல்ல செய்தி தம்பி. மூச்சு குறைந்திருப்பது மருந்து கேட்கிறது என்பதற்கு அடையாளம். நீர் மருந்தின் அளவு துளிக் கணக்கு, அவர்கள் தரும் ஊசிக்குழலிலேயே அளந்து கொடுங்கள், ஸ்பூனில் வேண்டாம். எடை கூடக் கூட அளவை மாற்றுவார்கள், பழைய அளவையே தொடராதீர்கள். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம், இந்தக் குழந்தைகளுக்குத்தான் அவை மிகவும் தேவை. பால் ஒரே மூச்சில் புகட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கட்டும்.


வண்ணாமடை வாசகர்
வியாழன், இரவு 8.30

தம்பி, வேலந்தாவளம் எங்களுக்குப் பக்கம்தான். வீட்டில் யாராவது தனியாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறோம். நேற்று நான் எழுதியதில், தொண்டையில் விரல் விடுவது ஆபத்து என்று டாக்டர் சொன்னதை என் மருமகளிடம் படித்துக் காட்டினேன். இளையவனுக்கு இனிமேல் அது இல்லை.


கொழிஞ்சாம்பாறை அம்மா
வியாழன், இரவு 9.15

ஐயா, மிக்க நன்றி. தம்பி, மனைவியைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொல். நீர் மருந்து கொடுத்த முதல் வாரம் எடை குறைவது போலத் தெரியும், உடம்பில் சேர்ந்த நீர் போகிறது, பயப்படாதே. என் மகளுக்கு நாலரை மாதத்தில் 4 கிலோ 600 வந்த பிறகு அறுவை செய்தார்கள். அதுவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை போட்டு ஒரே நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் படம் அனுப்புகிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. அதே நேரத்து பஸ்ஸில் போய்க் கோபாலபுரத்தில் இறங்கப் போகிறேன். இரண்டு மாதக் குழந்தை, கையில் கறுப்புக் கயிறு, தாய் ஒல்லியாக, இடது கன்னத்தில் மச்சம். அங்கன்வாடியிலும் டீக்கடையிலும் விசாரிக்கிறேன். அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் இன்றிரவே எழுதுங்கள்.